மல்யுத்த டிவி நிகழ்ச்சியை நடத்துகிற ஆளாக வருவது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

பெட்டிக்கடையில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். கார்டு வாங்கி, அண்டர்டேக்கர் வந்துவிட்டால் அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் படாமல் திரிந்த தலைமுறை நாங்கள். இப்போது பாலக்கோட்டிலும் பர்கூரிலும் இருக்கிற பிள்ளைகள் அதே ஆட்டத்தைப் போனில் பார்க்கிறார்கள், என்னிடம் வந்து பேசுகிறவர்களில் பெரும்பாலானோர் மல்யுத்த வீரனாவது எப்படி என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு உடம்பும் பயிற்சிப் பள்ளியும் வேண்டும், ஜலந்தரில் கிரேட் காளி நடத்துகிற பள்ளி வரைக்கும் போகவேண்டியிருக்கும். நான் எழுதப்போவது வேறு வேலையைப் பற்றி. எந்தச் சண்டை முதலில், எது கடைசியில், யார் எத்தனை நிமிடம் பேசுவது, எந்த நொடியில் விளம்பரம், கேமரா யார் முகத்தில் நிற்பது, இதையெல்லாம் முடிவு செய்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர் என்று டைட்டிலில் ஒரு நொடி பெயர் வந்து போகும். அந்த நாற்காலிமேல் ஆசை இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் தருமபுரியில் லோக்கல் கேபிள் சேனலுக்குக் கேமரா தூக்கி ஆரம்பித்தவன். பிறகு ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் போய் விளையாட்டு நேரலைகளில் வேலை பார்த்தேன். அந்த அனுபவத்தில் ஒன்றை அடித்துச் சொல்வேன்: இந்த வேலைக்குத் தேவையான முக்கால்வாசிப் பாடம் நம்ம ஊர்த் திடலிலேயே இருக்கிறது.

சரி, வேலை என்னவென்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவான விஷயம், அது எல்லோருக்கும் தெரியும். விழுகிற அடியும் முதுகு வலியும் உண்மை. அந்த முடிவையும் அடியையும் சேர்த்து, உட்கார்ந்திருக்கிறவன் ரிமோட்டைத் தொடாமல் இரண்டு மூன்று மணி நேரம் வைத்திருப்பதுதான் தயாரிப்பாளரின் வேலை. அதற்கு அவர் கையில் இருப்பது ரன்டவுன் என்கிற ஒரு தாள். நிமிடக் கணக்கில் எல்லாம் அதில் இருக்கும். வீரர்கள் வெளியே வருகிற வாசலுக்குப் பின்னால் மானிட்டரும் ஹெட்செட்டுமாக ஒரு மேஜை போட்டிருப்பார்கள், அதற்குக் கொரில்லா பொசிஷன் என்று பெயர். கொரில்லா மன்சூன் என்ற பழைய வீரர் எப்போதும் அங்கேயே நிற்பார், அதனால் வந்த பெயர். அங்கிருந்து சொல்வது நடுவரின் காதில் இருக்கும் சின்னக் கருவிக்குப் போகும், நடுவர் குனிந்து பார்க்கிற சாக்கில் வீரரிடம் "இன்னும் இரண்டு நிமிடம்" என்பார், சண்டை முடிவை நோக்கித் திரும்பும். அடுத்த முறை பார்க்கும்போது வீரரை விட்டுவிட்டு நடுவரையே பாருங்கள். ஒரு மாதம் அப்படிப் பார்த்தால் ஆட்டமே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்துவிடும்.

இந்த நாற்காலிக்குப் போனவர்கள் எந்த வாசல் வழியாக நுழைந்தார்கள் என்று பார்த்தால் ஒரு தெம்பு வரும். எரிக் பிஷாஃப் 1987-இல் ஏ.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க மல்யுத்தக் கம்பெனியில் சேர்ந்தது நிகழ்ச்சியை ஊர் ஊராக டிவி நிலையங்களுக்கு விற்கிற ஆளாக. பேட்டி எடுக்கிறவர் ஒரு நாள் வராமல் போக, இவரை மைக்கோடு நிறுத்தினார்கள். 1990-இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.-இல் தேர்வுக்குப் போனார், எடுக்கவில்லை. 1991-இல் அவர்களுடைய போட்டிக் கம்பெனியான டபிள்யூ.சி.டபிள்யூ.-வில் மைக் பிடிக்கும் வேலை. 1993-இல் அங்கேயே எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர். இரண்டே வருடம்! பால் ஹேமன் சின்னப் பையனாக இருந்தபோது ரிங் ஓரத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர், பிறகு இ.சி.டபிள்யூ. என்ற மல்யுத்தக் கம்பெனியையே நடத்தினார். கெவின் டன் 1980-களில் சேர்ந்து 2023 முடிகிறவரை டபிள்யூ.டபிள்யூ.இ.-யின் (பழைய டபிள்யூ.டபிள்யூ.எஃப்.-தான், பெயர் மாறிவிட்டது) படப்பிடிப்பைக் கையில் வைத்திருந்தார், அவருக்கு அப்புறம் வந்த லீ ஃபிட்டிங் இ.எஸ்.பி.என்.-இல் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து நிகழ்ச்சி தயாரித்தவர். விற்பனை, போட்டோ, எடிட்டிங், வேறு விளையாட்டு என்று ஆளுக்கொரு வாசல். உங்களுக்குப் பக்கத்தில் எது திறந்திருக்கிறதோ அதில் நுழையுங்கள்.

இனி திடலுக்கு வருவோம், இதில்தான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப்போகிறேன்.

நம்ம பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதக் கூத்து நடக்கிறதே, அதற்கு ஒரு நோட்டும் பேனாவும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு போங்கள். போனை வீட்டில் வைத்துவிடுங்கள். நடப்பதை நேரத்தோடு எழுதுங்கள், அவ்வளவுதான் பயிற்சி. பென்னாகரம் பக்கத்தில் ஒரு ஊரில் நான் எழுதிய பக்கம் ஒன்று இப்படி இருக்கிறது: "11.40, இரண்டு பேர் திரை பிடித்தார்கள். 11.46, திரைக்குப் பின்னால் பாட்டு, சலங்கைச் சத்தம், ஆள் தெரியவில்லை. 11.52, கிரீடம் மட்டும் மேலே தெரிந்தது. 11.55, பாயைச் சுருட்டிக் கிளம்பின பாட்டி நின்றுவிட்டார். 11.58, திரை விலகியது, துரியோதனன்." பதினெட்டு நிமிடம் ஒரு ஆளைக் காட்டாமலே காட்டியிருக்கிறார்கள், கிளம்பின பாட்டி மறுபடி பாயை விரித்துவிட்டார்.

இதைத்தான் பிஷாஃப் 1996-இல் செய்தார். மே 27 அன்று டபிள்யூ.சி.டபிள்யூ.-வின் நைட்ரோ நிகழ்ச்சியில் ஸ்காட் ஹால் என்ற வீரர் கூட்டத்துக்குள்ளிருந்து இறங்கி வந்து மைக்கைப் பிடித்தார். ஜூனில் கெவின் நாஷ் சேர்ந்துகொண்டார். மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான், யார் என்று சொல்லமாட்டோம் என்றார்கள். ஜூலை 7 அன்று திரை விலகியது, வந்து நின்றது ஹல்க் ஹோகன். பத்து வருடத்துக்கு மேல் குழந்தைகளின் கதாநாயகனாக இருந்தவர் கெட்டவனாகிவிட்டார், ரசிகர்கள் ரிங்குக்குள் குப்பையை வீசினார்கள். ஆறு வாரம் திரை பிடித்திருக்கிறார்கள், கூத்தில் பதினெட்டு நிமிடம். கணக்கு மாறுகிறது, கை ஒன்றுதான்.

கட்டியங்காரனையும் கவனியுங்கள். ராஜாவை "நீ யாரப்பா?" என்று கேட்கிறவன் அவன், கூட்டம் மனசுக்குள் கேட்பதை வாய்விட்டுக் கேட்கிறான். மல்யுத்தத்தில் வர்ணனையாளர் செய்வது இதேதான், ஆட்டத்தின் பேர்களைச் சொல்வது அவர் வேலையில் கால்வாசி, எங்கே பதற வேண்டும் எங்கே கோபப்பட வேண்டும் என்று கையைப் பிடித்து அழைத்துப்போவதுதான் மீதி. நல்ல கட்டியங்காரன் வேஷக்காரர் பாடும்போது வாயை மூடிக்கொள்வான். இதை எத்தனையோ வர்ணனையாளர்கள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

அப்புறம் படுகளம். மண்ணில் துரியோதனனைப் படுக்கவைத்த மாதிரி பெரிய உருவமாகச் செய்து, பீமன் வேஷக்காரரும் துரியோதனன் வேஷக்காரரும் அதைச் சுற்றி ஓடி, கடைசியில் தொடையில் அடி விழுகிறதே, அந்த முடிவு தெரியாத ஆள் அந்தத் திடலில் ஒருத்தர் உண்டா? பாட்டன் காலத்திலிருந்து தெரியும். இருந்தும் சுத்துப்பட்டுக் கிராமமே வந்து நிற்கிறது. முடிவு தெரிந்துவிட்டால் பார்க்கமாட்டார்கள் என்று நினைக்கிறவர்கள் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. இதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 1999 ஜனவரி 4 அன்று ஒளிபரப்பான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.-இன் ரா நிகழ்ச்சி முன்பே பதிவு செய்யப்பட்டது, அதற்கு எதிராக ஓடிய நைட்ரோ நேரலை. எதிராளியைக் கவிழ்க்க நினைத்து, "அங்கே மிக் ஃபோலி பட்டம் ஜெயிக்கப்போகிறார்" என்று தங்கள் வர்ணனையாளர் டோனி ஷியவோனியை விட்டே சொல்லவைத்தார் பிஷாஃப். முடிவைச் சொல்லிவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று கணக்கு. லட்சக்கணக்கானோர் அந்த நொடியே சேனலை மாற்றி ஃபோலி ஜெயிப்பதைப் பார்க்கப் போய்விட்டார்கள். பல வருடம் அடிவாங்கிக் கீழேயே கிடந்த ஒருவன் ஜெயிக்கப்போகிறான் என்றால், தெரிந்த பிறகு இன்னும் ஆசையாகப் போய்ப் பார்க்கத்தானே தோன்றும்? பீமனுக்காகக் காத்திருக்கிற நம்ம ஊர்ப் பெண்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

கதை ஒரு பக்கம், நேரலை இன்னொரு பக்கம். நேரலைக்கு எருது விடும் விழாவைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தை பிறந்தால் ஊருக்கு ஊர் நடக்கும். காளை தெருவில் பாய்ந்து போவது சில நொடிதான், தவறவிட்டால் மறுபடி ஓடச் சொல்ல முடியாது. மூன்று கேமரா போதும்: காளையை அவிழ்த்துவிடும் இடத்தில் ஒன்று, நடுவில் மொட்டைமாடியில் அகலமாக ஒன்று, முடிவுக்கோட்டில் ஒன்று. மூன்றும் தெருவின் ஒரே பக்கத்தில் இருக்கவேண்டும். எதிர்ப் பக்கம் ஒன்றை வைத்துவிட்டால் இடமிருந்து வலம் ஓடின காளை அடுத்த ஷாட்டில் வலமிருந்து இடம் ஓடும், பார்க்கிறவன் குழம்பிவிடுவான். மல்யுத்தத்திலும் பிரதான கேமரா ஒரே பக்கம்தான் நிற்கும், வீரர்கள் பட்டத்தைத் தூக்கிக் காட்டும்போது அந்தப் பக்கமே திரும்புவார்கள். தரையில் நின்று எடுக்கிறேன் என்று யாரும் தெருவுக்குள் இறங்க வேண்டாம். உயிர் முக்கியம்.

விளம்பர நேரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது எனக்கு நேர்ந்தது. காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஒரு கபடி இறுதிப் போட்டி, லோக்கல் சேனல் ஒன்றுக்கு நேரலை, எந்தக் கேமரா திரையில் வரவேண்டும் என்று மாற்றுகிற ஸ்விட்சரில் நான். ஒன்பதரைக்கு விளம்பரம் தானாக ஓடுகிற மாதிரி மெஷினில் போட்டிருந்தார்கள், அதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஆட்டம் சமநிலை, கடைசி ரெய்டு, பையன் கோட்டைத் தாண்டிக் காலை வைக்கிறான், திரையில் நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டது. திரும்ப வந்தபோது கோப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அடுத்த நாள் காலையில் டீக்கடையில் ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டு, "கடைசி ரெய்டு என்னாச்சுப்பா?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்றிலிருந்து எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது விளம்பரம் யார் கையில், எத்தனை நொடி, தள்ளிவைக்க முடியுமா என்பதைத்தான். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மல்யுத்தத் தயாரிப்பாளர்கள் விளம்பரத்துக்குப் போகுமுன் ஒருவனை ரிங்குக்கு வெளியே தூக்கிப் போட்டுவிட்டுப் போவார்களே, திரும்பி வரும்வரை அவன் எழுந்தானா என்ற கேள்வி நம்மைப் பிடித்து வைத்திருக்கும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். கலை ஆர்வம் இருக்கிற பிள்ளைகள் இதைத் தள்ளிவைக்கிறார்கள், அது பெரிய தப்பு. ஒரு வருடமாவது விளம்பரம் பிடிக்கிற வேலை பாருங்கள். ஜவுளிக்கடை, டிராக்டர் ஷோரூம், மாங்கூழ் ஆலை என்று ஏறி இறங்கி, முப்பது நொடிக்கு இவ்வளவு என்று பேசி வாங்கிப் பழகுங்கள். பிஷாஃப் விற்பனையிலிருந்து வந்தவர். 1995-இல் டபிள்யூ.சி.டபிள்யூ.-வின் முதலாளியான டிவி அதிபர் டெட் டர்னர், டபிள்யூ.டபிள்யூ.எஃப்.-ஓடு போட்டி போட என்ன வேண்டும் என்று கேட்டபோது அவர் சட்டென்று சொன்ன பதில்: எதிராளிக்கு நேரெதிராக முக்கிய நேரத்தில் இடம். செப்டம்பர் 4 அன்று மின்னசோட்டாவில் ஒரு ஷாப்பிங் மாலுக்குள் ரிங் போட்டு நைட்ரோ ஆரம்பமானது. முந்தின நாள் வரை எதிர்க் கம்பெனியில் ஆடிக்கொண்டிருந்த லெக்ஸ் லூகர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். திங்கட்கிழமை இரவு என்ன வேண்டுமானாலும் நடக்கும் என்ற நினைப்பு ஒரே நாளில் வந்துவிட்டது. 1996 ஜூனிலிருந்து 1998 ஏப்ரல் வரை, இரண்டும் நேருக்கு நேர் மோதிய 83 வாரமும் தொடர்ந்து நைட்ரோதான் ரேட்டிங்கில் முன்னால்.

அப்படி இருந்த டபிள்யூ.சி.டபிள்யூ. 2001 மார்ச் 26 அன்று கடைசி நைட்ரோவை ஒளிபரப்பிவிட்டு எதிராளி கையிலேயே போய்ச் சேர்ந்தது. கதை கெட்டுப்போனது, செலவு கட்டுக்கடங்கவில்லை, எல்லாம் உண்டு. பிஷாஃபே 1999 செப்டம்பரில் நீக்கப்பட்டிருந்தார். ஆனால் கடைசி ஆணி வேறு இடத்திலிருந்து வந்தது. பிஷாஃப் முதலீட்டாளர்களோடு வந்து கம்பெனியை வாங்கத் தயாராக இருந்த நேரத்தில், டர்னர் சேனல்களின் தலைமைக்கு வந்த ஜேமி கெல்னர், மல்யுத்தமே எங்கள் சேனல்களில் வேண்டாம் என்றுவிட்டார். ஒளிபரப்ப இடம் இல்லாத மல்யுத்தக் கம்பெனியை வாங்கி என்ன செய்வது? நிகழ்ச்சி யாருடையது, நேரம் யாருடையது என்பது இரண்டு வேறு கேள்விகள். ஒப்பந்தத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், தெரியாத வரியை வக்கீலிடம் காட்டுங்கள். இப்போது ரா நிகழ்ச்சி அமெரிக்காவில் 2025 ஜனவரியிலிருந்து நெட்ஃபிளிக்ஸில், இந்தியாவிலும் அதே வருடம் ஏப்ரலில் சோனியை விட்டு அங்கே போய்விட்டது. பத்து வருடத்துக்கு 500 கோடி டாலருக்கு மேல் பேசிய ஒப்பந்தம் அது. கேபிள் கனெக்‌ஷன் இருந்ததால் பார்த்துக்கொண்டிருந்த நம்ம கிராமத்துப் பெரியவர்கள் எத்தனை பேர் அதோடு நின்றுவிட்டார்கள் என்று யோசிக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்திய உதாரணம் வேண்டுமென்றால் ரிங் கா கிங். டி.என்.ஏ. என்ற அமெரிக்கக் கம்பெனி சேர்ந்து செய்தது, 2012 ஜனவரியில் கலர்ஸ் சேனலில் தொடங்கி ஏப்ரலில் முடிந்தது, அடுத்த சீசன் வரவில்லை. ஆட்டங்களை 2011 டிசம்பரிலேயே புனேயில் எடுத்துவிட்டார்கள். யாரைக் கூட்டம் கொண்டாடுகிறது என்று பார்த்து அடுத்த வாரம் கதையை மாற்ற வழி கிடையாது. டபிள்யூ.சி.டபிள்யூ.-வும் 1993-இல் செலவைக் குறைக்க டிஸ்னி ஸ்டுடியோவில் மாதக்கணக்கில் முன்கூட்டியே எடுத்து, இன்னும் ஜெயிக்காத பட்டத்தோடு வீரர்கள் நடமாடி, வரப்போகும் முடிவுகள் வெளியே போயின. மொத்தமாக எடுத்தால் மலிவுதான், ஆனால் கூட்டத்தின் குரல் உங்களுக்கு வந்து சேராது. கூத்துக்காரர் விடியற்காலை கூட்டம் தூங்குகிறது என்று தெரிந்தால் பாட்டைக் குறைத்துக் கட்டியங்காரனை உள்ளே அனுப்புவார். அந்தக் காது உங்களுக்கு வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். 1999 மே 23 அன்று கன்சாஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வருகிற மாதிரி ஒரு நுழைவு வைத்தார்கள். பிடி விட்டு ரிங்கில் விழுந்து இறந்துபோனார். 34 வயது. நிகழ்ச்சியை நிறுத்தாமல் நடத்தி முடித்தார்கள். அந்த இறக்கம் சண்டைக்குத் தேவையில்லை, டிவிக்காக வைத்தது. நீங்கள் ஒரு நாள் அந்த மேஜையில் உட்காரும்போது உங்கள் வாயிலிருந்து வருகிற "இது திரையில் நல்லா இருக்கும்" என்ற ஒரு சொல்லுக்காக ஒருவன் உயிரைப் பணயம் வைப்பான். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்தான் அந்த இடத்துக்கு வேண்டும். அதனால்தான் பயிற்சியில்லாத பையன்களை வைத்து மல்யுத்த வீடியோ எடுக்காதீர்கள் என்கிறேன், மெத்தை போட்டாலும் சரி.

அதற்குப் பதில் கபடி எடுங்கள். உங்கள் ஊர் டீம் நாலு இருந்தால் ஆறு வாரத்துக்கு ஒரு தொடர் நடத்தலாம். பழைய போன் மூன்று, ஒரு லேப்டாப், ஓ.பி.எஸ். என்ற இலவச மென்பொருள், வர்ணனைக்கு ஒரு மைக், கரண்ட் போனால் தாங்க ஒரு இன்வெர்ட்டர். ஒவ்வொரு வாரமும் ஆட்டம் முடிந்ததும் தோற்ற டீம் கேப்டனிடம் மைக்கை நீட்டுங்கள், ஜெயித்தவன் என்ன பேசுவான் என்பது எல்லோருக்கும் தெரியும், தோற்றவன் சொல்கிற வார்த்தையில்தான் அடுத்த வாரம் இருக்கிறது. யூடியூபில் எந்த நிமிடத்தில் ஆட்கள் விட்டுப் போகிறார்கள் என்று கோடாகவே காட்டும். அந்தக் கோடு சரிகிற இடத்தில் நீங்கள் என்ன வைத்திருந்தீர்கள் என்று ரன்டவுனில் போய்ப் பாருங்கள். பெரிய சேனல்களில் கால்மணி நேரக் கணக்காகப் பார்ப்பதும் இதைத்தான்.

படிப்பு? விஸ்காம் படிக்கலாம், சென்னை தரமணியில் அரசுத் திரைப்படக் கல்லூரி இருக்கிறது, கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். கிடைக்காவிட்டால் ஓ.பி. வேனில் (நேரலைக் கருவிகள் இருக்கிற வண்டி) கேபிள் சுருட்டுகிற வேலைக்காவது போங்கள். பெங்களூரு ஓசூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான், கிரிக்கெட், கபடி, கால்பந்து என்று நேரலை நடக்கிற ஊர். கன்னடமும் தெலுங்கும் நம்ம எல்லைப் பிள்ளைகளுக்குக் காதில் விழுந்தே வந்துவிடும், ஆங்கிலத்தையும் இந்தியையும் வேலைக்கு ஆகிற அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள், ஹெட்செட்டில் கட்டளை அந்த மொழிகளில்தான் வரும். முதல் இரண்டு வருடம் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கோடையில் உங்கள் பக்கத்துக் கோயிலில் கொடி ஏறினதும் பாரதம் படிக்கிறவரிடம் போய், எந்த ராத்திரி எந்தக் கூத்து என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ராத்திரி மேளக்காரருக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள், அங்கிருந்து வேஷக்காரர்கள், கூட்டம் இரண்டும் தெரியும். திரை பிடித்த நேரத்தை முதல் வரியாக எழுதுங்கள்.